ஒரு பாட்டில் சேற்றில் பாக்டீரியா உலகம்: வினோகிராட்ஸ்கி தூண் செய்யும் முறை

குளத்துச் சேற்றோடு கொஞ்சம் செய்தித்தாள், முட்டை ஓட்டுப் பொடி, ஜிப்சம் மூன்றையும் கலந்து பாட்டிலில் அடைத்து ஜன்னலோரம் வைத்தால், இரண்டு மாதத்தில் அது கறுப்பு, பச்சை, ஊதா, துருச் சிவப்பு என்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு நிறமும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். வெளியிலிருந்து எந்த நுண்ணுயிரையும் நாம் சேர்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தச் சேற்றில் சிதறிக் கிடந்தவைதான் தமக்கு ஏற்ற உயரத்தில் கூடிப் பெருகுகின்றன.

கீவ் நகரில் பிறந்த நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி (1856–1953) 1880களில் உருவாக்கிய முறை இது. அக்காலத்தில் பாக்டீரியா ஆய்வு என்றால் ஒரே ஒரு கிருமியைத் தனியே பிரித்து வளர்ப்பதுதான். வினோகிராட்ஸ்கியோ அவற்றை அண்டை அயலோடு சேர்த்தே பார்க்க விரும்பினார். அந்த வழியில்தான், வெறும் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனேற்றி அதில் கிடைக்கும் ஆற்றலிலேயே ஓர் உயிர் வாழ முடியும் என்பதை 1887-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கண்டறிந்தார். ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு என்ற அந்தப் பிணைப்பை, பள்ளிக்கூட மேசையில் இதைவிடக் குறைந்த செலவில் காட்டும் கருவி வேறில்லை.

சேறு எங்கே, எப்படி எடுப்பது

பாதி வெற்றி சேற்றில் இருக்கிறது. இலைதழை விழுந்து மட்கும் குளம், ஏரி, கண்மாய், வாய்க்கால் ஓரம் நல்ல இடம். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று ஒரு குச்சியை ஒரு சாண் ஆழம் செருகி இழுத்துப் பாருங்கள். நுனி கறுத்திருந்து, அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் அந்த இடத்திலேயே அள்ளலாம். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியா அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மேலே 1 செ.மீ. தடிமனில் இருக்கும் பழுப்புத் தோலைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். அதில் நீலப்பச்சைப் பாசியும் ஆக்சிஜன் விரும்பும் பாக்டீரியாக்களும் இருக்கும். கடைசியில் மேல் அடுக்குக்கு வேண்டும். அதற்குக் கீழே 5 முதல் 15 செ.மீ. ஆழத்துச் சேறு 2 லிட்டர், அதே இடத்துத் தண்ணீர் 1 லிட்டர். சேறு எடுத்த அன்றோ மறுநாளோ தூணை நிரப்பிவிட வேண்டும். வெயிலில் காயவைத்த சேற்றிலும் அடுக்குகள் வரும், ஆனால் வித்தாக நிற்கத் தெரிந்த இனங்களே அதில் முந்திக்கொள்ளும். ஊதா நிறத்துக்கு வெகுநாள் காத்திருக்க நேரும்.

செம்மண் நிலத்துக் குட்டைச் சேறு முதல் முயற்சிக்கு வேண்டாம். அதில் இரும்பு ஆக்சைடு மிகுதி. ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்று நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசையும் இரும்பையும், அதன் பிறகே சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. இரும்பு ஏராளமாக இருந்தால் சல்பேட்டின் முறை தள்ளிப்போகிறது. அப்படியே சல்பைடு உண்டானாலும் அதை இரும்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. பாட்டில் முழுக்கக் கறுக்கும், நிறம் மட்டும் வராது. ஆற்று மணலும் உதவாது: இடுக்குகள் பெரிதாக இருப்பதால் ஆக்சிஜன் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்பங்கழிச் சேறு பெரிய வரம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் கரைந்திருப்பதால் ஜிப்சமே தேவையில்லை. ஆனால் மேலே ஊற்றுவதும் அதே உவர்நீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புச் சூழலில் பழகிய உயிர்கள் செத்துப்போகும். அலையாத்திக் காடுகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி, அங்கே அள்ளாதீர்கள். காட்டுக்கு வெளியே கழியோரச் சேறு போதும்.

சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம். கையில், காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் இருக்கக்கூடும், புண் வழியாக எளிதில் உள்ளே வரும்.

பாட்டிலும் சேர்மானமும்

2 லிட்டர் குளிர்பான பாட்டில், நிறமில்லாதது. வாய் குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனலாக வைத்துக்கொள்ளுங்கள். லேபிளின் பசை தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். கண்ணாடிக் குடுவை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் உயரம் 20 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. மேலிருந்து இறங்கும் ஆக்சிஜனும் கீழிருந்து ஏறும் சல்பைடும் சந்திக்கும் இடத்தில்தான் இந்த நாடகம் முழுவதும் நடக்கிறது. குட்டையான ஊறுகாய் ஜாடியில் அந்தச் சரிவுக்கு இடமே கிடைக்காது. பாட்டிலின் வெளியே தரையிலிருந்து 7, 17, 20 செ.மீ. உயரங்களில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

அடியில் வரும் அரை லிட்டர் சேற்றுக்கு மூன்று சேர்மானம்: செய்தித்தாள் ஒரு தாள், அதாவது இரண்டு பக்கம், ஏறக்குறைய 8 கிராம், முட்டை ஓட்டுப் பொடி ஒரு மேசைக்கரண்டி, ஜிப்சம் ஒரு மேசைக்கரண்டி.

செய்தித்தாள் கார்பனுக்காக. அதிலுள்ள செல்லுலோஸை கிளாஸ்டிரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் மெதுவாக உடைத்து, அங்கிருக்கும் பிறவற்றுக்குக் கரிம அமிலங்களும் ஹைட்ரஜனும் தருகின்றன. மெதுவாக என்பதுதான் முக்கியம். சர்க்கரை போட்டால் இரண்டே நாளில் நொதித்து, குமிழி கிளம்பி, அமிலம் ஏறி, சேறு பிளந்துவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம். தாளை விரல் நகம் அளவு கிழித்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கையால் கூழாகப் பிசைந்து பிழிந்துகொள்ளுங்கள். துண்டாகவே போட்டால் மேலே மிதந்து வந்து பூஞ்சை பிடிக்கும்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டுக்காக. உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவுக்கு கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. இரண்டு முட்டையின் ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து மிக்ஸியில் பொடித்தால் அளவு சரியாக இருக்கும்.

ஜிப்சம் சல்பேட்டுக்காக. நிலக்கடலைக்குப் போட விற்கும் உரக்கடை ஜிப்சமே போதும். லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம்கூடக் கரையாத உப்பு அது. அந்தக் குறைதான் இங்கே நமக்குப் பயன்படுகிறது: தீரத்தீரக் கரைந்து மாதக்கணக்கில் சல்பேட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஜிப்சம் கிடைக்காவிட்டால் கரும்பலகை சாக்பீஸ் உதவும், ஆனால் முதலில் அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது கார்பனேட். முட்டை ஓட்டுக்குப் பதிலாக ஆகும். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பொடியாகக் கொட்டாதீர்கள், ஈரம் பட்டதும் கட்டியாக இறுகிவிடும்.

ஜிப்சத்துக்குப் பதில் முட்டை மஞ்சள் கரு சேர்க்கும் வழக்கமும் உண்டு. அதிலும் கந்தகம் இருக்கிறது, ஆனால் எங்கள் பரிந்துரை ஜிப்சம்தான். மஞ்சள் கரு அழுகும்போது சல்பைடு ஒரேயடியாகக் கிளம்புகிறது. வீடு நாறுவது ஒரு பக்கம்; அந்த அளவைத் தாங்காமல் ஊதா பாக்டீரியாவும் பின்வாங்கிவிடும்.

பதமும் நிரப்பும் முறையும்

சேற்றை முதலில் கல், வேர், நத்தை, புழு போகச் சலித்துவிடுங்கள். மாவுச் சல்லடை அடைத்துக்கொள்ளும், 2 மி.மீ. கண் உள்ள கம்பி வலை சரியாக இருக்கும். இதைத் தவிர்க்க வேண்டாம்: சிவப்பு நிறச் சேற்றுப் புழுக்கள் இரண்டு இருந்தாலும் சேற்றைக் கிளறிக் கிளறி, அடுக்கே நிற்காமல் செய்துவிடும்.

அரை லிட்டர் சேற்றில் மூன்று சேர்மானத்தையும் போட்டு, குளத்துநீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்கி, புனல் வழியாக 7 செ.மீ. கோடு வரை ஊற்றுங்கள். ஒரு குச்சியால் மெதுவாகக் குத்தி, பாட்டிலை மேசைமேல் தட்டித் தட்டி காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். அடியில் சிக்கும் காற்றுப்பை பின்னால் வெடிப்பாகும். அடுத்து, எதுவும் கலக்காத சேற்றைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து 17 செ.மீ. வரை. அதன்மேல் தனியே வைத்த பழுப்புத் தோலை ஒரு கரண்டி பரப்புங்கள். கடைசியாக, கரண்டியின் முதுகில் படும்படி குளத்துநீரை மெதுவாக 20 செ.மீ. வரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், குளோரின் போவதற்கு வாளியில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு எடுங்கள். மேலே இரண்டு மூன்று செ.மீ. காற்றுக்கு விட வேண்டும்.

வாயை நெருக்கமான துணி போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள், அல்லது பிளாஸ்டிக் உறையை மூடி ஊசியால் பத்துத் துளை போடுங்கள். இறுக்கமான மூடி கூடவே கூடாது. உள்ளே மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் உண்டாகும், பாட்டில் உப்பித் தெறிக்கும். திறந்து விடவும் கூடாது. தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட ஒரு வாரம் போதும்.

ஒரு தூண் மட்டும் செய்தால் அது அழகுப்பொருள்தான். கூடவே இன்னும் இரண்டு செய்தால்தான் சோதனையாகும். ஒன்று செய்தித்தாள் இல்லாமல், மற்றொன்று எல்லாம் சேர்த்து, ஆனால் வெளியே அலுமினியத் தாள் சுற்றி இருட்டாக. இருட்டுப் பாட்டில் கறுக்கும், நாறும், பச்சையும் ஊதாவும் அதில் வராது. நிறத்துக்குக் காரணம் வெளிச்சம், கறுப்புக்குக் காரணம் வெளிச்சமல்ல என்று அந்த ஒரு பாட்டில் சொல்லிவிடும்.

வெளிச்சம்: இங்கேதான் பலருக்குத் தவறுகிறது

ஊதா பாக்டீரியாவும் பச்சைக் கந்தக பாக்டீரியாவும் பயன்படுத்தும் ஒளி செடிகள் பயன்படுத்தும் ஒளியன்று. ஊதாவின் நிறமி 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பை உறிஞ்சுகிறது, பச்சையினுடையது ஏறக்குறைய 750 நானோமீட்டரை. மேலே நிற்கும் பாசி கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் நீலத்தையும் தின்றுவிட்டு, தனக்குப் பயன்படாத இந்த ஒளியைக் கீழே விடுகிறது. கீழே இருப்பவை வாழ்வது அந்த மிச்சத்தில்.

வெள்ளை எல்இடி பல்பில் இந்த அகச்சிவப்பு இல்லை என்றே சொல்லலாம். எல்இடி விளக்கின் கீழே வைத்த தூணில் மேலே பாசி செழிக்கும், கீழே ஊதா வருவது மிக மெதுவாக இருக்கும். ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது. வடக்கு ஜன்னல், அல்லது காலை வெயில் மட்டும் ஒரு மணி நேரம் படும் கிழக்கு ஜன்னல். ஜன்னல் இல்லாத அறையென்றால் பழைய 40 வாட் குண்டு பல்பை 40 செ.மீ. தள்ளி வைத்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சூடு தெரிந்தால் இன்னும் தள்ளுங்கள். மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் கறுப்புச் சேறு வைத்தால் உள்ளே வெந்துபோகும்.

பாட்டிலை ஒரே பக்கம் வெளிச்சம் பார்த்தபடி வையுங்கள், திருப்பாதீர்கள். வெளிச்சப் பக்கம் நிறமும் மறுபக்கம் கறுப்பும் என்று வேறுபாடு அப்போது துலங்கும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும்.

வாரம் வாரமாக என்ன தெரியும்

முதல் மூன்று நாளில் தண்ணீர் தெளியும், சேறு ஒரு செ.மீ. இறங்கும். முதல் வாரக் கடைசியில் காகிதக்கூழ் உள்ள அடிப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. செல்லுலோஸை உடைப்பவை கொடுக்கும் ஹைட்ரஜனையும் அமிலங்களையும் டிசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் உண்டு, ஜிப்சத்தின் சல்பேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன.

இரண்டாம், மூன்றாம் வாரம் கறுப்பு மேலேறும். மேல்மட்டத்தில் சில மி.மீ. மட்டும் பழுப்பாகவே நிற்கும், அதுதான் ஆக்சிஜன் எட்டும் ஆழம். தண்ணீர் பச்சை கட்டும். அந்த எல்லைக் கோட்டில் சில தூண்களில் சிலந்தி வலைபோல வெள்ளை இழை படர்வதைக் காணலாம். வினோகிராட்ஸ்கி ஆராய்ந்த பெக்கியடோவா வகையாக இருக்கலாம். வெண்மைக்குக் காரணம் உடலுக்குள் சேர்த்து வைத்த கந்தகத் துளி. மலிவான காகித நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப்பிலேயே இந்த இழைகள் வழுக்கி நகர்வது தெரியும். இதே போல் கந்தகத்தில் வாழும் தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா 2022-இல் உலகத்துக்கு அறிமுகமானது. கரீபியனில் குவாதலூப் தீவின் அலையாத்திச் சேற்றில், மூழ்கிய இலைகளின் மேல் வளரும் ஒற்றைச் செல் அது. நீளம் 2 செ.மீ. வரை, நுண்ணோக்கியே வேண்டாம். பாக்டீரியாவின் டிஎன்ஏ உறையில்லாமல் செல்லுக்குள் கிடக்கும் என்ற பாடத்தையும் அது மாற்றியது: இதில் டிஎன்ஏ சவ்வுப் பைகளுக்குள் இருக்கிறது.

நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் வெளிச்சப் பக்கம் ரோஜா நிறப் புள்ளிகள் வரும், பிறகு ஊதாத் திட்டாகும். குரோமேட்டியம் போன்ற ஊதாக் கந்தக பாக்டீரியா இவை. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடும் செடியைப்போல் இல்லாமல், இவை ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து கந்தகத்தை மிச்சம் வைக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே மங்கிய ஆலிவ் பச்சையில் குளோரோபியம் என்ற பச்சைக் கந்தக பாக்டீரியா. ஊதாவைவிடச் சல்பைடை அதிகம் தாங்கும், குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும், அதனால் கீழே இடம் பிடிக்கிறது. எவ்வளவு குறைந்த வெளிச்சம் என்றால், கருங்கடலில் ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில் இதன் உறவினம் வாழ்கிறது. ஊதாவுக்கு மேலே துருச் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் கந்தகத்தை அதிகம் நம்பாத ஊதா வகை. மேல் தண்ணீரின் பச்சையும் அடிப்பச்சையும் ஒன்றல்ல: மேலே உள்ளது வெயிலில் முத்துமுத்தாக ஆக்சிஜன் குமிழி விடும், கீழே உள்ளது விடாது.

இரண்டாம் மாதம் கோடுகள் தெளிவாக இருக்கும். குறைந்த தண்ணீரை வாரம் ஒருமுறை நிரப்பிவந்தால் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். அவசரப்பட்டுக் கிளறினால் ஆறு வார வேலை ஒரு நொடியில் போய்விடும். சேற்று நுண்ணுயிரியலுக்குப் பொறுமை தலையாய கருவி. ஜப்பானுக்கு அருகே ஆழ்கடலில் 2006-இல் எடுத்த படிவிலிருந்து, நம்மைப் போன்ற உயிர்களின் செல்லுக்கு நெருங்கிய உறவான அஸ்கார்ட் ஆர்க்கியா (ஆர்க்கியா என்பது பாக்டீரியா அல்லாத தனி நுண்ணுயிர்க் குழு) ஒன்றை வளர்த்தெடுக்க ஹிரோயுகி இமாச்சி குழுவுக்கு 12 ஆண்டுகள் ஆயின. 2020-இல் அது வெளியானது.

மேல் தண்ணீரிலும் ஒரு பார்வை தேவை. வண்ணமீன் கடையில் கிடைக்கும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைத் தாளை வாரம் ஒருமுறை நனைத்துக் குறித்து வைத்தால், அம்மோனியா இறங்கி நைட்ரேட் ஏறுவதைச் சில தூண்களில் பிடிக்கலாம். பாசி அதிகமாக இருந்தால் அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு பாக்டீரியா, அதை நைட்ரேட்டாக்குவது வேறொன்று என்பது 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கியின் வேலையிலிருந்து வந்த முடிவு. 125 ஆண்டுகள் பாடமாக நின்றது. 2015-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, நைட்ரோஸ்பைரா இனத்தில் சிலது இரண்டு வேலையையும் ஒரே செல்லில் முடித்துவிடுகிறது என்று காட்டின. அவற்றில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்.

எதிர்பார்த்தது வராவிட்டால்

மூன்று வாரமாகியும் கறுக்கவில்லை என்றால் சேறு மணற்பாங்கானது, அல்லது மட்கு குறைவு. தண்ணீரை வடித்து, காகிதக்கூழ் பாதி அளவு கூட்டி, களிச்சேறு கலந்து மறுபடி நிரப்புவதுதான் வழி; மேலே எதையாவது தூவிச் சரிசெய்ய முடியாது.

சேறு பிளந்து மேல்பாதி அப்படியே எழும்பினால் காகிதம் அதிகம், அல்லது கலவை கெட்டி. மெல்லிய பின்னல் ஊசியைச் சுவரோரம் ஒரே ஒருமுறை அடிவரை இறக்கி எடுத்தால் வாயு வெளியேறிச் சேறு உட்காரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், எனவே நாற்றம் நின்றதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பதினைந்து தூண்களை மூடிய வகுப்பறையில் வைக்கவே வேண்டாம்.

பாட்டில் முழுவதும் பச்சையாகி வேறெதுவும் தெரியவில்லை என்றால் வெளிச்சம் அதிகம், அல்லது குளத்துநீரில் உரம் கலந்திருக்கிறது. தண்ணீர் உயரத்தை 1 செ.மீ. ஆக்கி, அந்தப் பகுதியை மட்டும் கறுப்புத் தாளால் சுற்றிவிடுங்கள்.

நன்றாகக் கறுத்தும் ஊதா வராததற்கு மூன்று காரணம்: எல்இடி விளக்கு, இரும்பு மிகுந்த சேறு, அல்லது அந்தச் சேற்றில் ஊதா பாக்டீரியாவே குறைவு. முதலிரண்டும் இல்லையென்றால், உப்பங்கழியோ வேறு குளமோ எதுவாயினும் ஊதாத் திட்டுள்ள இடத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, உறிஞ்சு குழலால் சுவரோரம் 5 செ.மீ. ஆழத்தில் விடலாம். உவர்நீர்ச் சேற்றை நன்னீர்த் தூணுக்கு விட்டால் பலன் குறைவு.

நிறக் காகிதம் சுற்றி ஒளியை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் விற்கும் நீல, பச்சை, சிவப்பு செல்லோபேன் எல்லாமே அகச்சிவப்பை உள்ளே விடும். கண்ணுக்கு நீலமாகத் தெரிவதால் உள்ளே நீலம் மட்டும் போகிறது என்று முடிவெடுத்தால் ஆய்வறிக்கை தவறாகும்.

இரண்டாவது ஜாடி: மின்கம்பியாக வாழும் பாக்டீரியா

வினோகிராட்ஸ்கிக்குத் தெரியாத ஓர் உயிரை இதே சேற்றில் தேடலாம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் விரிகுடாச் சேற்றில் ஒரு புதிர் இருந்தது: மேலே ஆக்சிஜன் மாறினால், ஒரு செ.மீ.-க்கும் கீழே இருக்கும் சல்பைடு வேதிப்பொருள் பரவுவதற்கு வேண்டிய நேரத்தைவிட வேகமாக மாறியது. 2010-இல் மின்னோட்டம்தான் காரணம் என்றும், 2012-இல் அந்த மின்னோட்டத்தைக் கடத்துவது ஆயிரக்கணக்கான செல்கள் கோத்த இழை பாக்டீரியா என்றும் தெரியவந்தது. கீழ்முனை சல்பைடிலிருந்து எலக்ட்ரானை எடுக்கிறது, மேல்முனை அதை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கேபிள் பாக்டீரியா என்று பெயர். கடலில் மட்டுமல்ல, நன்னீர்ச் சேற்றிலும் இனங்கள் உண்டு.

ஒன்றும் கலக்காத கறுப்புச் சேற்றை நன்றாகச் சலித்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் 10 செ.மீ. உயரம் நிரப்பி, மேலே 4 செ.மீ. தண்ணீர் விடுங்கள். மீன்தொட்டிக் காற்றுக்குழாயைத் தண்ணீரின் மேல்பாதியில் மட்டும், சேறு கலங்காதபடி மெல்லக் குமிழிவிடச் செய்யுங்கள். பாசி வராமலிருக்கக் குடுவையைச் சுற்றிக் கறுப்புத் தாள். வீட்டில் குளிர்ச்சியான மூலையில் மூன்று வாரம். மேலே சில மி.மீ. பழுப்புத் தோல், அடியில் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே வெளிறிய சாம்பல் பட்டை ஒன்று அகன்றுகொண்டே போனால் நல்ல அறிகுறி. அங்கே ஆக்சிஜனும் இல்லை, சல்பைடும் இல்லை.

பட்டை வந்துவிட்டதாலேயே கேபிள் பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது. புழுக்கள் கிளறினாலும், இரும்பு ஆக்சைடு இருந்தாலும் இப்படி வரும். ஆகவே இன்னொரு குடுவை அதே சேற்றில். எல் வடிவில் வளைத்த மெல்லிய எஃகுக் கம்பியை, சேற்றுக்குள் 5 மி.மீ. ஆழத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். சேறு கலங்காது, இழை மட்டும் அறுபடும். ஆய்வாளர்களும் மெல்லிய கம்பியால் அறுத்துப் பார்த்தே இழைகளின் பங்கை உறுதி செய்தார்கள். அறுத்த குடுவையில் பட்டை குறுகலாகவும் அறுக்காததில் அகலமாகவும் இருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு வலு இருக்கிறது. முடிவாகச் சொல்ல நல்ல நுண்ணோக்கியில் கிளையில்லாத நீள இழை தெரிய வேண்டும். எல்லாக் குளத்துச் சேற்றிலும் கிடைக்காது. இரண்டு மூன்று இடத்துச் சேற்றை ஒரே நேரத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு நெல்லோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. நீர் கட்டிய வயலில் ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, சல்பேட் எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன் விடும் ஆர்க்கியாவின் முறை வருகிறது. சல்பேட் இருக்கும்வரை, சல்பேட்டைச் சுவாசிப்பவை ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் முந்திக்கொண்டு உண்டுவிடுவதால் மீத்தேன் குறைகிறது. கேபிள் பாக்டீரியா சல்பைடை மறுபடி சல்பேட்டாக்கித் தருகிறது. 2020-இல் வெளியான ஆய்வில், தொட்டியில் வளர்த்த நெல்லுக்கு இந்தப் பாக்டீரியாவைச் சேர்த்தபோது மண்ணின் சல்பேட் 5 மடங்கானது, மீத்தேன் 93 சதவீதம் குறைந்தது. தொட்டியில் கிடைத்த எண் அது. வயலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. வயலில் இன்றைக்கே கைக்கு எட்டும் வழி காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதுதான். இடையிடையே மண் காற்று வாங்கும்போது இரும்பும் சல்பைடும் ஆக்சிஜனேறிவிடும், மீத்தேனின் முறை மறுபடி பின்னுக்குப் போகும்.

தூணைப் பிரிக்கும்போது

மாதிரி எடுக்க மேலிருந்து தோண்டாதீர்கள், எல்லா அடுக்கும் கலந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், வேண்டிய நிறத்துக்கு நேராக, சூடாக்கிய ஊசியால் துளையிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் அரை மி.லி. உறிஞ்சி, துளையை உடனே டேப்பால் ஒட்டுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு மூடி, சில நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும்; ஊதா பாக்டீரியா காற்றுப் பட்டால் நீந்துவதை நிறுத்திவிடும்.

வேலை முடிந்தபின் சேற்றைச் சமையலறைத் தொட்டியிலோ கழிவறையிலோ ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கொட்டவும் வேண்டாம். திறந்த வெளியில் உரக்குழியில் கொட்டி மண் மூடினால் ஒரு நாளில் நாற்றம் அடங்கும். அதற்கு முன் ஊதாத் திட்டிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, விளிம்புவரை குளத்துநீர் நிரப்பிய சிறு சீசாவில், மூடியைச் சற்றுத் தளர்த்தி, அதே ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தூணின் நடு அடுக்கில் இதைச் சேர்த்தால் ஊதா நிறம் ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே தெரியத் தொடங்கும்.